வேலைக்காரி முகம்

1

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. நாங்கள் குடியிருக்கும் கொண்டோவின், அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பின், நிர்வாக அலுவலகம் அனுப்பியது. 'பன்னிரண்டாம் மாடி வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு' என்று தொடங்கி மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார்கள். சாரம் இதுதான்: தங்கள் வீட்டுப் பணிப்பெண் சனிக்கிழமை காலை நீச்சல் குளத்தருகே, குடியிருப்பாளர்களுக்கான சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கச் சொன்ன பிறகும் எழவில்லை. பணிப்பெண்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் குளத்தருகே வரலாம். நாற்காலிகளைப் பயன்படுத்தக் கூடாது. இது முதல் எச்சரிக்கை.

எங்கள் வீட்டில் பணிப்பெண் கிடையாது. நாலு வருடமாகக் கிடையாது. சனிக்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்.

வீட்டுப் பத்திரத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று என் கணவர் ரகு. இன்னொன்று முத்துப்பேச்சி, அதாவது நான். ஆக, என்னைப் பற்றி எனக்கே புகார் எழுதி, என்னைக் கண்டித்து வைக்கும்படி என்னையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ரகுவுக்கும் வந்தது. எனக்கு வரவில்லை. இந்த மாதத்தோடு நான் சிங்கப்பூர் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேதியியலாளராகச் சேர்ந்தேன். இன்று அங்கே ஒன்பது பேர் எனக்குக் கீழே வேலை செய்கிறார்கள். இந்த ஊர் குழாயில் வரும் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறது. அதில் என் கையெழுத்துக்கும் ஒரு சிறிய பங்கு உண்டு. ஆனால் என்னை உட்கார விடலாமா என்று முடிவு செய்ய ஒரு பார்வை போதுமாக இருந்திருக்கிறது.

2

அந்தச் சனிக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பிடோக்கில் அரசு கட்டிய வீவக அடுக்குமாடி வீட்டில் பதினோரு வருடம் இருந்துவிட்டு, ஆறு மாதத்துக்கு முன்புதான் காத்தோங் பக்கம் இந்தக் கொண்டோவுக்கு வந்தோம். எங்கள் மகள் தியாவுக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய பள்ளிக்கு இது பக்கம். நீச்சல் குளம் இருப்பதும் அவளுக்குப் பிடித்துப்போனது. இங்கேயே குடியிருக்கும் மூன்று பெண்களோடு சனிக்கிழமைதோறும் நீந்துவாள்.

நான் வழக்கமாகக் கீழே போவதில்லை. அன்று அவள் துண்டை மறந்து போய்விட்டாள். வீடு துடைத்துக்கொண்டிருந்த நான் அதே பழைய டி-ஷர்ட்டோடு, தலையில் எண்ணெயோடு, துண்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பிள்ளைகள் தண்ணீரில் இருந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் என் வயதுள்ள ஒரு பெண் வந்தார். நல்ல நிறம். காதில் வைரம். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு தமிழிலேயே கேட்டார்.

"நீங்க தமிழா?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "ஆமாங்க" என்றேன்.

"எந்த வீட்டுல வேலை செய்றீங்க?"

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் நான் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, குளத்தைப் பார்த்தேன். தியா பத்தடி தூரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேள்வி அவள் காதில் விழுந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. "அது எங்கம்மா" என்று இரண்டு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் மூழ்கினாள்.

"பன்னிரண்டாவது மாடி" என்றேன் நான். பொய் இல்லை. அந்த வீட்டில்தான் வேலை செய்கிறேன்.

"ஞாயித்துக்கிழமை லீவுதானே? எங்க வீட்டுக்கு ஒரு ரெண்டு மணி நேரம் வர முடியுமா? உங்க மேடத்துக்குத் தெரிய வேண்டாம்."

"முடியாதுங்க."

அவர் முகம் மாறியது. "சரி, இந்தச் சேர் எல்லாம் ரெசிடென்ட்ஸுக்கும்மா. செக்யூரிட்டி பார்த்தா உங்களைத்தான் திட்டுவாங்க. அந்தப் பக்கம் திட்டுல உட்காருங்க."

நான் எழுந்திருக்கவில்லை. அவர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தியாவின் தோழி ஒருத்தி ஆங்கிலத்தில் கத்தினாள்: "தியா, உன் ஆன்ட்டி துண்டு கொண்டு வந்திருக்காங்க லா!"

ஆன்ட்டி. இந்த ஊரில் அந்தச் சொல் எல்லாருக்கும் பொது. அண்டை வீட்டுப் பாட்டியும் ஆன்ட்டி, காப்பிக்கடைக்காரம்மாவும் ஆன்ட்டி, வீட்டுப் பணிப்பெண்ணும் ஆன்ட்டி. என் மகள் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டாள். தண்ணீரிலிருந்து ஏறி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் துண்டை வாங்கிக்கொண்டு, "தேங்க்யூ" என்றாள்.

அம்மா என்று சொல்லவில்லை.

3

வெளிநாட்டு வாழ்க்கை பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக வெள்ளைக்காரரையோ சீனரையோ குற்றம் சொல்வார்கள். எனக்கும் அந்த அனுபவங்கள் உண்டு. ஆய்வுக்கருவி விற்க வந்த ஒரு மனிதர், ஈரக் குடையை என் கையில் கொடுத்துவிட்டு, "உங்க மேனேஜரைப் பார்க்கணும்" என்று சொன்னார். குடையை மாட்டிவிட்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். மனிதருக்கு வியர்த்துவிட்டது. பாவம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அவர்களுக்கு நாம் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றுதான். நம் முகங்களுக்குள் மேல் கீழ் பிரித்துப் பார்க்கும் வித்தை அவர்களுக்குத் தெரியாது. அதில் தேர்ந்தவர்கள் நம்மவர்கள். தேக்கா சந்தையில் மீன் விற்கும் அண்ணன், நான் வஞ்சிரத்தைத் தொட்டுப் பார்க்கும்போது, "தங்கச்சி, மேடம் எந்த மீன் வாங்கிட்டு வரச் சொன்னாங்க?" என்று கேட்பார். சிராங்கூன் சாலை நகைக்கடையில் நான் உள்ளே நுழைந்தால் கடைப்பையன் தானாகவே மெல்லிய சங்கிலிகள் இருக்கும் தட்டை எடுப்பான். ரகு பின்னால் வந்து நின்றால் தட்டு மாறும். ரகு கோயம்புத்தூர்க்காரர். எலுமிச்சை நிறம். தியா அவரை உரித்து வைத்திருக்கிறாள்.

எனக்கு என் அம்மாவின் முகம். கறுப்பு நிறம், ஏறிய கன்ன எலும்பு, சற்றே முன் தள்ளிய பல், சின்னம்மை போட்ட தழும்புகள். அப்பா லாரி ஓட்டினார், அம்மா நூற்பாலைக்குப் போனார். அருப்புக்கோட்டையில் நான் படித்த பள்ளிக்கு ஒருமுறை கலெக்டர் வந்தார். வகுப்புக்கு ஒருத்தி, முதல் மதிப்பெண் எடுத்தவள், வாசலில் நின்று பன்னீர் தெளிக்க வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் வகுப்பில் அது நான். அம்மா கடன் வாங்கிய பட்டுப் பாவாடையில் போய் நின்றேன். டீச்சர் என்னையும் செம்பையும் மாறி மாறிப் பார்த்தார். "பேச்சி, நீ பின்கட்டுல டம்ளர் கழுவ ஒத்தாசையா இரு, என்ன?" என்றார். செம்பு வேறொருத்தி கைக்குப் போனது. அவள் வகுப்பில் பதினான்காவது.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியின் தாயார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த ஊரும்மா?" என்றார். சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?" என்றார். தெருவையும் சொன்னேன். அப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் தோழி வேறு அறைக்குப் போய்விட்டாள்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது ரகுவின் அத்தை சொன்னது, கதவுக்குப் பின்னாலிருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. "படிப்பெல்லாம் சரி. முகத்துல ஒரு களை இல்லையே."

களை என்றால் என்ன என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். இப்போது தெரியும். தலைமுறை தலைமுறையாக வெயிலில் நிற்காமல் இருப்பது, மூன்று வேளை சாப்பிடுவது, பல் கோணினால் கம்பி கட்ட ஆள் இருப்பது, அம்மை போட்டால் நேரத்துக்கு வைத்தியம் கிடைப்பது, நிம்மதியாகத் தூங்குவது. இத்தனையும் சேர்ந்து ஒரு முகத்தில் வந்து உட்கார்ந்தால் அதற்குப் பெயர் களை. அது இல்லாதவளை, ஏதோ அவளுடைய குணத்திலேயே குறை இருப்பதுபோலப் பார்க்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

4

கடிதத்தை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை மதியம் அரை நாள் விடுப்புப் போட்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். "சிரிச்சுட்டு விட்டுடு பேச்சி" என்று ரகு சொல்லியிருந்தார். "உங்க முகத்தோட எதையும் சிரிச்சுட்டு விடலாம்ங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

மேசைக்குப் பின்னால் ஓர் இளைஞர். நல்ல பிள்ளை போலத்தான் இருந்தார். ஆங்கிலத்தில் பேசினோம். கடிதத்தை நீட்டி, இது பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றேன்.

அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "பயப்படாதீங்க ஆன்ட்டி. இது முதல் எச்சரிக்கைதான். ஆனா நீங்க வரக் கூடாது. உங்க மேடம்தான் வரணும்."

"மேடம் வந்திருக்கிறார்."

அவர் எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. நான் அடையாள அட்டையை மேசையில் வைத்தேன். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கணினியில் பெயரைத் தட்டினார். காது சிவந்துவிட்டது.

"வெரி சாரி மேடம். புகார் வந்தது. நாங்க அப்படியே அனுப்பிட்டோம். அது எங்க நடைமுறை."

"புகார் உண்மையா என்று பார்ப்பது நடைமுறையில் இல்லையா?"

"கேமராவில் பார்த்தோம் மேடம்."

"பார்த்து?"

கேமராவில் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். பார்த்த பிறகுதான் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றேன். அதற்கு நான் புகார்ப் படிவம் நிரப்ப வேண்டுமாம். படிவத்தில் புகாரின் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: சத்தம், வாகன நிறுத்தம், நீர்க்கசிவு, செல்லப்பிராணி, பணிப்பெண், மற்றவை. நாய்க்கும் கசிவுக்கும் பக்கத்தில் மனுஷி ஒரு வகை. 'மற்றவை' என்பதில் குறியிட்டேன். விவரம் எழுத இரண்டு வரி இடம் இருந்தது. தாளின் பின்பக்கம் முழுவதும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

5

மூன்று நாள் கழித்து, வியாழன் சாயங்காலம். பள்ளி முடிந்து வந்த தியாவும் வேலை முடிந்து வந்த நானும் மின்தூக்கியில் ஒன்றாக ஏறினோம். கதவு மூடும் நேரத்தில் அந்த வைரத் தோட்டுப் பெண் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது, கண்டுகொள்ளவில்லை. தியாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஹாய் தியா! மாயா உன்னைப் பத்தியேதான் பேசிக்கிட்டிருப்பா."

மாயா என்பது தியாவின் நீச்சல் தோழிகளில் ஒருத்தி. இவர் மாயாவின் அம்மா என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"மம்மி எப்படி இருக்காங்க? ஒரு நாள் மீட் பண்ணணும்னு சொல்லு. பாவம், ரொம்ப பிஸியா? இந்த மாதிரி ஆளுங்களை நம்பி விட்டுட்டுப் போறாங்க பாரு."

மின்தூக்கி ஏறிக்கொண்டிருந்தது. தியா தன் காலணியைப் பார்த்தாள். நான் அவள் தோளில் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் அவளுக்குச் சுலபமாகியிருக்கும்.

"மம்மி நல்லா இருக்காங்க" என்றேன் நான். "நான்தான் தியாவோட அம்மா. பேச்சி."

அவர் சிரித்தார். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருக்க வேண்டும். தியாவைப் பார்த்தார். தியா தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஐயோ! சாரிங்க. எனக்குத் தெரியவே தெரியாது. உங்களைப் பார்த்தா…"

"பார்த்தா?"

"இல்ல, அன்னைக்கு நீங்க அந்த டிரஸ்ல… பார்த்தா வந்து…"

"சொல்லி முடிங்க. என்னைப் பார்த்தா என்ன?"

பன்னிரண்டாம் மாடி வந்து கதவு திறந்தது. நான் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கதவு திறந்தபடியே நின்றது.

"நீங்களே சொல்லியிருக்கலாமேங்க" என்றார் அவர், குரல் கொஞ்சம் உயர்ந்து. "பன்னிரண்டாவது மாடின்னு சொன்னீங்க. நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்? கொஞ்சம் நல்லா டிரஸ் பண்ணிட்டு வந்தா இந்தப் பிரச்சினையே இல்ல."

"நீங்க அன்னைக்கு நைட்டியில வந்திருந்தாலும் உங்களை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. நீங்க பார்த்தது என் டிரஸ்ஸை இல்ல. என் மூஞ்சியை. மூஞ்சின்னு சொல்லிட்டுப் போங்க. நான் கதவை விடுறேன்."

அவர் சொல்லவில்லை. கண் கலங்கியது. அவமானத்தில்தான் கலங்கியது என்று நினைக்கிறேன். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. தியாவோடு வெளியே இறங்கிக் கதவை விட்டேன்.

6

வீட்டுக்குள் வந்ததும் தியா பையைத் தரையில் போட்டாள். "ஏன்மா இப்படி பண்றீங்க? சோ எம்பாரஸிங்! நான் நாளைக்கு மாயா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"உனக்கு எத்தனை நாளா தெரியும்?"

"என்னது?"

"உன் ஃபிரெண்ட்ஸ் என்னை வேலைக்காரின்னு நினைக்கிறது."

அவள் ஆங்கிலமும் தமிழுமாகக் கொட்டினாள். "நான் அப்படிச் சொல்லவே இல்ல. நம்ம குடி வந்த அன்னைக்கு நீங்க பெட்டி தூக்கிட்டு வந்தீங்க. மாயா பார்த்துட்டு, 'உங்க ஹெல்ப்பர் ரொம்ப ஸ்ட்ராங்'னா. நான் கரெக்ட் பண்ணல. அவ்வளவுதான். ஐ ஜஸ்ட் டிட்ன்ட் கரெக்ட்."

ஆறு மாதம். ஆறு மாதமாக என் மகள் எனக்குச் சம்பளம் இல்லாத வேலை கொடுத்து வைத்திருக்கிறாள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எல்லாம் இங்கே எழுத முடியாது. பத்து மாதம் சுமந்த கதையிலிருந்து பள்ளிக் கட்டணம் வரைக்கும், எல்லா அம்மாக்களும் கத்துவதைத்தான் கத்தினேன். அவளும் அழுதாள். அழுதுகொண்டே அவள் சொன்ன ஒன்றில்தான் என் வாய் மூடியது.

"நீங்க மட்டும் என்ன? ஜோதிக்காவை எப்படி எடுத்தீங்க? எனக்கு ஆறு வயசு. நான் அங்கதான் இருந்தேன். டேபிள் மேல போட்டோவா பரப்பி வெச்சு, 'இந்த மூஞ்சி வேணாம், ரொம்ப மினுக்கு. இது திமிர் பிடிச்ச மூஞ்சி. இதுதான் வேலைக்காரி மூஞ்சி, இதை எடுக்கலாம்'னு அப்பாகிட்ட சொன்னீங்க. ஜோதிக்காவோட சுடிதாரை என்ன பண்ணீங்க? அதுவும் எனக்குத் தெரியும்."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

7

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். விட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

ஜோதி புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண். எங்கள் பிடோக் வீட்டில் மூன்று வருடம் வேலை செய்தாள். முகவர் நிலையம் கொடுத்த கோப்பில் இருபது பெண்களின் படங்கள் இருந்தன. எல்லாருக்கும் ஒரே நிற டி-ஷர்ட், இழுத்துக் கட்டிய தலை. உயரம், எடை, நாய்க்குப் பயமா இல்லையா என்பதுவரை எழுதியிருந்தது. நான் எதையும் படிக்கவில்லை. முகங்களைப் பார்த்தேன். கறுத்து, ஒடுங்கி, கண்ணைத் தாழ்த்தியிருந்த ஒரு முகத்தை எடுத்தேன். அடங்கிப் போகும் என்று நினைத்தேன். தியா சொன்ன சொற்கள் என் சொற்கள்தான். ஒரு எழுத்து மாறவில்லை.

வயல் வேலை செய்து வெயிலில் வதங்கியிருந்த முகம் அது. நிழலும் ஒழுங்கான சாப்பாடும் கிடைத்து ஒரு வருடத்தில் தெளிந்துவிட்டது. பார்த்தால் ஜோதி மாநிறத்துக்கும் மேல். எடுப்பான மூக்கு. சிரித்தால் தெருவே திரும்பும்.

தியாவின் எட்டாவது பிறந்தநாளுக்கு ரேஸ்கோர்ஸ் சாலையில் ஓர் உணவகத்துக்குப் போனோம். ஜோதி ஊரிலிருந்து கொண்டுவந்த நீலச் சுடிதார் போட்டிருந்தாள். பரிமாறுகிறவர் வந்து, உணவுப் பட்டியலை நேரே ஜோதியிடம் நீட்டி, "மேடம், என்ன சாப்பிடுறீங்க?" என்றார். பிறகு கண்ணால் என்னைக் காட்டி, "அவங்களுக்குத் தனியா அந்தப் பக்கம் டேபிள் போடட்டுமா மேடம்?" என்று அவளிடமே கேட்டார்.

ஜோதி பதறிப்போய்ப் பட்டியலை என் பக்கம் தள்ள வந்தாள். அதற்குள் நான் அதை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். "மேடம் நான்தான்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பிறகு, அந்த ஆள் எனக்குக் கொடுக்கப் பார்த்த இடத்தை அவளுக்குக் கொடுத்தேன். "நீ அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடு ஜோதி." அவள் போய் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். தியா இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, எங்களோடு வெளியே வரும்போது அந்தச் சுடிதார் வேண்டாம், பழைய டி-ஷர்ட் போதும் என்றேன். "சரிங்க மேடம்" என்றாள்.

டம்ளர் கழுவப் போகச் சொன்ன டீச்சர்மேல் எனக்கு முப்பது வருடமாகக் கோபம். அந்த டீச்சராவது ஒரு கலெக்டருக்குப் பயந்து செய்தார். நான் யாருக்குப் பயந்தேன்?

8

நிர்வாக அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. 'அடையாளம் காண்பதில் நேர்ந்த தவறுக்கு' வருந்தினார்கள். இனி இப்படி நடக்காமல் இருக்க, குளத்தருகே வரும்போது குடியிருப்பாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் வசதியாக இருக்கும் என்று யோசனையும் சொன்னார்கள். மாயாவின் அம்மாவும் மாட்டுவாரா என்று நான் திருப்பி எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

முதல் கடிதம் வந்தபோது என் கோபமெல்லாம், 'நான் பணிப்பெண் இல்லை' என்பதில் இருந்தது. இப்போது யோசித்தால், நான் பணிப்பெண்ணாகவே இருந்திருந்தால்தான் என்ன? பிள்ளையைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் வெயிலில் காத்திருக்கிற பெண் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் அது தேய்ந்துவிடுமா? அந்த விதியை நீக்கச் சொல்லி எழுதினேன். குடியிருப்பாளர் கூட்டத்தில் வைக்கலாம் என்றார்கள். வைத்தார்கள். நான் எழுந்து பேசினேன். "இன்னைக்கு நாற்காலி, நாளைக்கு ஜக்கூஸித் தொட்டி" என்று பின்னாலிருந்து யாரோ ஆங்கிலத்தில் சொல்ல, சிரிப்பு எழுந்தது. கை தூக்கியவர்கள் ஐந்து பேர். நான், ரகு, ஐந்தாம் மாடிச் சீனப் பெரியவர் ஒருவர், எனக்கு இன்னும் பெயர் தெரியாத இரண்டு பெண்கள். மாயாவின் அம்மா வந்திருந்தார். கையை மடியில் வைத்திருந்தார். விதி அப்படியே இருக்கிறது.

வீடு திரும்பியபோது தியா கூடத்தில் இருந்தாள். அவளோடு பத்து நாளாகத் தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

"தோத்துட்டீங்களா?"

"ஆமா."

"மாயாகிட்ட சொல்லிட்டேன். நீங்க என் அம்மான்னு. அவங்க அம்மா சொல்லாமலே இருந்திருக்காங்க" என்றாள்.

"மாயா என்ன சொன்னா?"

"நிஜமாவான்னு கேட்டா. நிஜமாதான்னேன்."

பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் தாயைத் தாய் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. இந்தக் கோபம் அவள்மேல் இல்லை.

9

ஜோதியின் எண் என்னிடம் இருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துப் படம் அனுப்புவாள். நான் கும்பிடும் கையை அனுப்புவேன். திருச்சியில் ஒரு கல்லூரி விடுதிச் சமையற்கூடத்தை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டேன். தியா சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளை எழுந்து போகச் சொல்லவில்லை.

"மேடம்! என்ன திடீர்னு? எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

நல்லா இருக்கிறோம் என்றேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. "ஜோதி, தியா பர்த்டேக்கு ஹோட்டலுக்குப் போனோமே. அன்னைக்கு உன்னைத் தனியா உட்கார வெச்சேன். ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லை என்று சொல்வாள் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"இருக்கு மேடம்" என்றாள்.

"சுடிதார் போடக் கூடாதுன்னும் சொன்னேன்."

"ஆமா. எங்க அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்தது. அதுக்கப்புறம் அதைப் போடவே தோணல மேடம். தங்கச்சிக்குக் குடுத்துட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் பண்ணது தப்பு ஜோதி. என்னை மன்னிச்சிரு."

பின்னால் பெரிய பாத்திரங்கள் உரசும் ஓசை கேட்டது. யாருக்கோ, "அரிசியை இன்னொரு தண்ணி கழுவு" என்றாள். பிறகு, "இதைக் கேக்கவா மேடம் கூப்பிட்டீங்க?" என்றாள்.

"ஆமா."

"சரி மேடம். கேட்டுட்டீங்க. நானும் கேட்டுக்கிட்டேன்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வைக்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனாலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "இனிமே மேடம்னு கூப்பிடாதே ஜோதி. அக்கான்னு கூப்பிடு."

கொஞ்சம் யோசித்தாள்.

"வேணாம் மேடம்" என்றாள். "பாப்பா பக்கத்துல இருந்தா குடுங்க. அவகிட்ட பேசணும்."

தியா ஏற்கெனவே கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.